நாலாவதாக வந்தவள் பினாங்கு போனாள்

6 ஜூலை 2025, ஞாயிறு

நாலாவது! சகாய பிரியா, தையல் பிரிவு, லைன் நாலு, ஓட்டத்திலும் நாலு.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். பெண்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல். பாதிப் பேர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நானும் அப்படித்தான். நாள் முழுக்க ஓட்டப்பந்தய ஷூ தைக்கிறவர்கள், ஓடும்போது வெறுங்கால்!

முதலில் வந்தவள் அஸ்வினி. எங்கள் லைனில் கடைசி மிஷின். பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பெண், இருபத்தொரு வயசு, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இரண்டாவது எங்கள் லைன் லீடர் ஜாக்குலின் அக்கா. முப்பத்தெட்டு வயசு, இரண்டு பெண்களுக்கு அம்மா. மூன்றாவது பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண். அப்புறம் நான், நாக்கு தொங்க.

முதல் மூன்று பேருக்கு என்ன பரிசு தெரியுமா? மலேசியா! எந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷூ தைத்துக் கொடுக்கிறோமோ அவர்களே பினாங்குக்கு அழைத்துப்போய், நவம்பரில் அங்கே நடக்கும் அரை மராத்தானில் ஓடவைக்கிறார்களாம். இருபத்தொரு கிலோமீட்டர்.

எனக்கு ஹாட் பாக்ஸ். பச்சை நிறம். அம்மா அதில் இட்லியை எடுத்து வைத்து மூடிவிட்டு, "பரவால்ல, மூடி நல்லா டைட்டா இருக்குது" என்றது.

7 ஜூலை, திங்கள்

தொடை இரண்டும் என்னுடையது இல்லை. மிஷின் பெடலை மிதிக்கும்போதெல்லாம் "ஏசுவே".

24 ஜூலை, வியாழன்

ஹெச்.ஆர். வேங்கடேசன் சார் கூப்பிடுகிறார் என்றார்கள். நேற்று கடைசி மணி நேரத்தில் அவசரமாகத் தைத்தேன். நாக்கு கோணலாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். (ஷூவின் நாக்கை மேல்பாகத்தோடு சேர்த்துத் தைப்பதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு நாக்கு. அதோடு என் வாயில் இருப்பதையும் சேர்த்து எண்ணூற்று ஒன்று என்பாள் ஜாக்குலின் அக்கா.)

சார் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"பேக்கிங் பொண்ணுக்கு போலீஸ் வேலை கெடைச்சிடுச்சு. நின்னுட்டாங்க. லிஸ்ட்ல அடுத்தது நீங்கதான். பாஸ்போர்ட் இருக்காம்மா?"

"ரேஷன் கார்டு இருக்கு சார்" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்? சார் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். நான் திரும்ப லைனுக்கு ஓடி வந்தேன். நடந்து வந்ததாக ஞாபகம் இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வீட்டில் சொன்னேன். அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "போய்ட்டு வரட்டுமே" என்றது. அப்பாவுக்கு எல்லாமே "வரட்டுமே"தான்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கேப்பை மாவைச் சலித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தது. "பி.காம் ரெண்டாவது வருசத்தோட நின்ன. டைப்ரைட்டிங் பாதில நின்ன. ஸ்கூட்டிக்கு எல்.எல்.ஆர். போட்ட, லைசன்ஸ் எங்க? மாதா கோயில் நவநாளு ஒம்போது நாளு. அதக்கூட ஏழாவது நாளோட வுட்டுட்ட. நீ எதடி முழுசா முடிச்சிருக்கிற? அங்கப் போயி நடுரோட்ல நின்னுக்கினா யாரு இட்டுக்கினு வர்றது?"

எல்லாம் உண்மை. அதுதான் எரிச்சல். எட்டாவது நாள் எனக்குக் காய்ச்சல் என்பதை மட்டும் அம்மா விட்டுவிட்டது.

போன வருசம் வாங்கிய டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி பதினொன்றோடு நின்றிருக்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்

காலை ஐந்து மணிக்கு எங்கள் கோயில் வாசலில் மூன்று பேரும் சேர்ந்தோம். அஸ்வினி சைக்கிளில். ஜாக்குலின் அக்கா திண்டிவனத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் லூர்து பிரகாஷ் அண்ணனின் குட்டியானை வண்டியில். அண்ணன் தினமும் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவர். போகும் வழியில் அரை மணி நேரம் எங்களுக்காம். நாங்கள் ஓட, அவர் பின்னாலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் நிழல் மூன்றும் தென்னை மரம் உயரத்துக்கு முன்னால் ஓடியது.

ஒன்றரை கிலோமீட்டரில் நான் வண்டியின் பின்பக்கம் ஏறிவிட்டேன். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு மற்ற இரண்டு பேரையும் உற்சாகப்படுத்தினேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பாஸ்போர்ட்டுக்காக விழுப்புரம் தபால் ஆபீஸ். மூன்று பேரும் லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போனோம். ஜாக்குலின் அக்கா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஏதோ திருப்பதிக்குப் போகிற மாதிரி.

கவுண்டரில் இருந்தவர் அஸ்வினியைக் கேட்டார், "எதுக்கும்மா மலேசியா?"

"ஓடறதுக்கு சார்."

"யாருகிட்ட இருந்து?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். அஸ்வினி மட்டும் சிரிக்காமல், "எல்லாரும் ஓடுவாங்க சார், நாங்களும் ஓடுவோம்" என்றாள். அவளுடைய அன்றைய நாலு வார்த்தைக்கு மேலேயே ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

என் போட்டோவில் நான் தும்மப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். பத்து வருசத்துக்கு இந்த மூஞ்சிதான்.

7 செப்டம்பர், ஞாயிறு

எட்டு கிலோமீட்டர்! நிற்காமல்! அதில் கடைசி ஒன்று நாய் துரத்தியதால் இலவசம்.

28 செப்டம்பர், ஞாயிறு

அண்ணன் வண்டியிலேயே பொம்மையார்பாளையம் போனோம். கடலோரத்தில் ஓடிப் பழக வேண்டுமாம், பினாங்கிலும் கடல்தானே என்று வேங்கடேசன் சார் சொன்னதை அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மணலில் இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் உயிர் போய்விட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள், "இன்னா காணாப் போச்சு? இன்னாத்த தேடிக்கினு ஓடறீங்க?" என்று கேட்டார்கள்.

அப்புறம் ரோட்டுக்கு வந்து பத்து முடித்தோம். கரையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்றோம். நான் ஜாக்குலின் அக்காவைக் கேட்டேன், உனக்கு எதுக்குக்கா இந்த ஓட்டம் என்று.

"ஊட்ல கூப்புடுவாங்க. கம்பெனில கூப்புடுவாங்க. காலைல கண்ணு முழிச்சதுலருந்து யாராவது என்னிய கூப்டுக்கினே இருக்காங்கடி. ஓடும்போது மட்டும் யாரும் கூப்புட முடியாது."

அவள் சொல்லி முடிக்கவில்லை, அண்ணன் மேலே ரோட்டிலிருந்து ஹாரன் அடித்து, "ஜாக்கு! ஜல்தி வா, மார்க்கெட்டுக்கு டைமாவுது!" என்றார். மல்லாட்டைத் தோலை எல்லாம் அவர் திசையில் எறிந்தோம்.

12 அக்டோபர், ஞாயிறு

இன்னிக்கு பதினாறு ஓடணும். பத்துலயே நின்னுட்டேன்.

கால் வலின்னு சொன்னேன். கால் வலியெல்லாம் இல்ல. போதும்னு தோணுச்சு, அவ்ளோதான். அவங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்துக்கினே போனாங்க. நான் புளியமரத்துக்குக் கீழ உக்காந்துட்டேன். எனக்கு எப்பவும் இப்படித்தான் ஆவுது. முதல்ல றெக்கை மொளைச்ச மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாள் காலையில எதுக்குடா இதெல்லாம்னு இருக்கும். யார் மேலயும் கோவம் இல்ல, எதுவும் கஷ்டம் இல்ல — சும்மா வுட்டுடுவேன். காலேஜையும் அப்படித்தான் வுட்டேன். அம்மா கேட்டப்ப பஸ்ஸு சரியில்லன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

13 அக்டோபர் — போகவில்லை.

14 — போகவில்லை.

15 அக்டோபர், புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜாக்குலின் அக்கா எதிரே வந்து உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு அஞ்சு மணி. வரலன்னா உங்கண்ணன் வண்டியோட உங்க தெருவுக்கு வருவாரு."

வரட்டுமே என்றேன், அப்பா மாதிரி.

16 அக்டோபர், வியாழன்

வந்தார். ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் நின்றுகொண்டு கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "போம்மா, பேஜாரா கீது, ஓடிட்டாவது வா" என்றது.

ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே ஓடியதில் மூச்சு வாங்கியதே தெரியவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

பதினெட்டு. பதினெட்டு! அஸ்வினி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, குளித்து, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு எங்களுக்காக நின்றாள். கொலை பண்ணலாம் போல இருந்தது.

சாயந்திரம் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. அப்பாயி கல்லறையில் ரொம்ப நேரம் பக்தியாக ஜெபம் பண்ணியதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

14 நவம்பர், வெள்ளி

விமானத்தில் எழுதுகிறேன். மேகத்துக்கு மேலே!!!

கம்பெனி எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தது. எங்கள் லைனிலிருந்து போனவை. பெட்டியைத் திறந்ததும் நாக்கைத்தான் தூக்கிப் பார்த்தேன். என் தையல் மாதிரி இருக்கிறது. யார் கண்டது, ஷிப்ட் மாறினால் வேறு கையாகவும் இருக்கலாம். என்னுடையது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அம்மா மாங்காய் ஊறுகாய் பாட்டிலை மூன்று பாலிதீன் கவரில் சுற்றிக் கொடுத்தது. தெருமுனை வரை வந்தது. "எங்கனா முடியலன்னா நின்னுடு, ஒண்ணும் அவமானம் இல்ல" என்றது. நாலு மாசமாகத் திட்டிவிட்டு, கிளம்பும் நேரம் பார்த்து இப்படி ஒரு வார்த்தை! கண் கலங்கிவிட்டது.

அஸ்வினி என் மணிக்கட்டைப் பிடித்த பிடி சென்னையிலிருந்து இன்னும் விடவில்லை. இடது கையில் எழுதுவது இதனால்தான். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் அவளைக் கேளுங்கள்.

15 நவம்பர், சனி

பினாங்கு. கடைப் பலகையில் தமிழ்! ஓட்டத்துக்கான எண் வாங்கப் போன இடத்தில் ஒரு தமிழ்ப் பெண், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். என்ன அழகான கேள்வி. இல்லை என்று சொன்னேன். ஏற்கெனவே இரண்டு முறை பசியாறியிருந்தேன். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவையே மெல்லிசாகப் போட்டுக் கொடுக்கிறார்கள், பருப்பில் தோய்த்துத் தின்ன.

வேங்கடேசன் சார் எங்கள் கூடவே வந்திருக்கிறார். பிராண்டுக்காரர்கள் வீடியோ எடுக்கிறார்களாம். "மூணு பேரும் கைய புடிச்சிக்கினு ஃபினிஷிங் லைன தாண்டணும். அதான் ஷாட்." அஸ்வினி வேகத்துக்கும் என் வேகத்துக்கும் நடுவில் ஒரு கல்யாண விருந்தே போட்டு முடித்துவிடலாம் என்று அவருக்கு யார் சொல்வது?

மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பவர்களை ஒரு பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மணி பதினேழு நிமிஷம். எதுவும் தப்பாகப் போகவில்லை என்றால்.

16 நவம்பர், ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. சந்தோஷமா, உடம்பில் உப்பு குறைந்துவிட்டதா தெரியவில்லை. அஸ்வினி குப்புறப்படுத்துத் தூங்குகிறாள். ஜாக்குலின் அக்கா கட்டிலில் மல்லாந்து, கால் இரண்டையும் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு மகள்களோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறாள். முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், ஒன்றையும் மறந்துவிடக் கூடாது.

ஐந்தரைக்கு ஓட்டம். இருட்டு. ஆயிரக்கணக்கான ஜனம். எல்லாரும் மேலே வாணவேடிக்கையைப் பார்த்தார்கள், நான் கீழே கால்களைப் பார்த்தேன். நம் ஷூ! அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நீலத்தில், ஆரஞ்சில். பதினொன்று வரை எண்ணினேன். பக்கத்தில் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயசு இருக்கும், போன வருசம் நாங்கள் தைத்த மாடலைப் போட்டிருந்தாள். குனிந்து நாக்கைத் தொட்டுப் பார்த்தே விட்டேன். அவள் லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றாள். நான் ஷூவைக் காட்டி, என்னைக் காட்டி, மிஷின் ஓட்டுகிற மாதிரி கையால் காட்டி, "மை ஸ்டிச்சிங்" என்றேன். அவளுக்குப் புரிந்ததும் ஓவென்று கத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் ஷூவைத் தொட்டுக் கும்பிட்டாள்! வெடி வெடித்தது. ஓட ஆரம்பித்தோம்.

அஸ்வினி முதல் நிமிஷத்திலேயே காணாமல் போனாள். ஜாக்குலின் அக்கா மூன்றாவது கிலோமீட்டர் வரை என்னோடு வந்தாள். அப்புறம் நான்தான் போ போ என்று விரட்டினேன். எனக்கு எந்தக் கவலையும் இல்லை. காற்று உப்பாக இருந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் வாழைப்பழம். எட்டில் தண்ணீர். ஏழு மணிக்குக் கடலுக்கு மேல் வெளிச்சம் வந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் சிரிப்பார்கள் — இந்நேரம் லைனில் மிஷின் எல்லாம் சும்மா இருக்கும், ஞாயிற்றுக்கிழமை, இந்த உலகத்தில் இப்போது ஒரு ஷூவும் தைக்கப்படவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றியது. தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினேன். தண்ணீர் கொடுத்த பையன்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

பதினைந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டினேன். இரண்டு மணி இருபது நிமிஷம். கணக்கு அப்படியே இருந்தது.

அங்கே நடைபாதை ஓரத்தில் ஜாக்குலின் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூ காலில், ஒரு ஷூ மடியில். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"பத்து நிமிசமா இப்டியே கீது. நீ போ பிரியா. நின்னா உனக்கும் டைம் பூடும்."

போகலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். அப்புறம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன். ஊறுகாய்க்கு அம்மாவைத் திட்டியிருக்கிறேனே, அது மட்டும் கையில் இருந்திருந்தால் உப்புக்கு நக்கியிருக்கலாம் என்று சொன்னேன். அவள் சிரித்ததில் தசை இன்னும் இழுத்துக்கொண்டு அலறினாள். எட்டு நிமிஷம் போனது.

பஸ் வந்துவிட்டது.

மெதுவாக, ஒரு கல்யாண ஊர்வலம் போல வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஏசி காற்று வந்து முகத்தில் அடித்தது பார்! டிரைவர் அறுபது வயசுக்காரர், தமிழர். "ஏறுங்க தங்கச்சி. போதும்லா. உள்ள தண்ணி இருக்கு, பிஸ்கட் இருக்கு."

ஜாக்குலின் அக்கா எழுந்தாள். "நான் ஏறிக்கிறேன். நீ ஓடு. இன்னும் டைம் கீது உனக்கு."

நான் ஓடவில்லை. இதைச் சரியாக எழுத வேண்டும். அவளைத் தனியாக அனுப்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் காற்று முகத்தில் பட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று, பழைய ஒன்று, "சரி, போதும்" என்றது. புளியமரத்தடியில் சொன்னதே, அதே குரல். என் வலது கால் தானாகப் போய்ப் படியில் ஏறி நின்றது.

ஜாக்குலின் அக்கா அந்தக் காலையே பார்த்தாள்.

"எறக்கு."

"நீயும் தான ஏறப்போற?"

"எனக்குக் கால் புடிச்சிக்கினு கீது. உனக்கு இன்னாடி கேடு? எறக்குடி கீழ!" என் டீ-ஷர்ட்டைக் கழுத்தோடு பிடித்து இழுத்தாள். நான் தடுமாறிக் கீழே வந்தேன். அவள் கையில் வைத்திருந்த ஷூவைத் தரையில் போட்டு, காலை நுழைத்து, லேஸைக்கூடக் கட்டாமல் நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். "வா. வா சொல்றேன். நீ ஏறக் கூடாது. நீ ஏறக் கூடாதுன்னா நானும் நடந்துதான் ஆவணும். நல்லா வந்து மாட்டுனேன்டா கர்த்தரே."

நாங்கள் அழுதுகொண்டு நடந்தோமா, சிரித்துக்கொண்டு நடந்தோமா? இரண்டும்தான்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சட்டப்படி நீங்க ஏறணும் தங்கச்சி."

"அண்ணே, எங்க ஊர்ல நாங்க ஓடறப்பவும் பின்னாடி ஒரு வண்டி வரும். நீங்க பாட்டுக்கு வாங்க" என்றேன்.

"எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

பஸ் நின்றுவிட்டது. மறுபடி கிளம்பியது. "எங்க கொள்ளுத் தாத்தா அந்தப் பக்கம்தான்னு சொல்வாங்க. ஊர் பேரு தெரியாது. என் பேரு சவுரிராயன்."

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சவுரிராயன் உண்டு என்றேன். அதற்கப்புறம் அவர் எங்களை ஏறச் சொல்லவே இல்லை. விளக்கை மினுக்கிக்கொண்டு நடைபாதையை ஒட்டி எங்கள் பின்னாலேயே வந்தார். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு வெள்ளைக்காரர் மனசு மாறி, பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கப் பார்த்தார். முடியாமல் மறுபடி ஏறிக்கொண்டார். அவருக்கும் கை தட்டினோம். வேங்கடேசன் சார் ஆறு முறை போன் அடித்தார். ஏழாவதில் எடுத்து, "வந்துக்கினே இருக்கோம் சார்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டு வைத்தோம்.

ஒன்பது மணி ஆனது. மூன்றரை மணி நேரம் முடிந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. "டைம் போச்சு" என்றாள் அக்கா. "போவட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கடைசித் திருப்பத்தில் பார்த்தால், ஃபினிஷிங் லைனுக்கு மேல் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவு பாதி சுருங்கித் தொங்குகிறது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டில் ஒரு கறுப்புப் பாய் போட்டிருப்பார்கள். அதை மிதித்தால்தான் நமக்கு நேரம் பதிவாகும். அந்தப் பாயின் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அஸ்வினி.

ஒரு மணி ஐம்பத்து நாலு நிமிஷத்தில் முடித்தவள். அதற்கப்புறம் எங்களுக்காக நின்றிருக்கிறாள். பாயைச் சுருட்ட ஆட்கள் வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மலாய்ப் பையன்கள் பாயின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். "அக்கா கமிங்."

எங்களைப் பார்த்ததும் எழுந்து குதித்தாள். அந்தப் பையன்களே பாயைத் தட்டி நேராக விரித்தார்கள். நானும் ஜாக்குலின் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம். பின்னால் சவுரிராயன் அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மூன்று மணி நாற்பத்தொரு நிமிஷம்.

பிராண்டுக்காரர்கள் வீடியோ சாமானைக் கட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். வேங்கடேசன் சார் தன் போனிலேயே எடுத்தார். பாதி வீடியோவில் அவர் கட்டைவிரல். மீதியில் அவர் அழுகிற சத்தம்.

பதக்கம் கொடுத்தார்கள். நேரம் தாண்டியவர்களுக்குக் கிடையாது என்று முதலில் சொன்னார்கள். அஸ்வினி மறுபடி உட்காரப் போவது மாதிரி முட்டியை மடக்கினாள். கொடுத்துவிட்டார்கள்.

17 நவம்பர், திங்கள்

படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினோம். மூன்று பேரும், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

19 நவம்பர், புதன்

வீடு. அம்மா பதக்கத்தைக் கையில் வைத்து எடை பார்த்தது.

"எத்தினாவது?"

"கடைசிம்மா."

"கடைசின்னா?"

"எனக்கும் ஜாக்குலின் அக்காவுக்கும் பின்னால யாருமே இல்ல. பஸ்ஸுதான் இருந்துச்சு."

அம்மா என் காலைப் பார்த்தது. இரண்டு விரலில் நகம் கறுத்துப்போயிருந்தது. அடுப்பில் வெந்நீர் போட்டு, கல்லுப்பு அள்ளிப் போட்டு, அலுமினிய அன்னக்கூடையில் ஊற்றி என் காலை எடுத்து உள்ளே வைத்தது. பஸ் படியில் கால் வைத்ததையும் சொன்னேன். மறைக்கவில்லை. "அப்புறம்?" என்றது. அப்புறம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஆறிப்போய் இரண்டாவது தரம் வெந்நீர் போட்டது.

சாயந்திரம் குழாயடியில் அம்மா குரல் கேட்டது. "இருவத்தோரு கிலோமீட்டரு. நடுவுல பஸ்ஸு வந்து ஏறு ஏறுன்னானாம். ஏறலியே எம்பொண்ணு!"

24 நவம்பர், திங்கள்

லைனில் எல்லாரும் கேட்கிறார்கள், எப்படி, எப்படி என்று. தையலை நிறுத்தாமல் நான்கு முறை முழுக் கதையும் சொன்னேன். டார்கெட்டும் முடித்தேன். பேக்கிங்கிலிருந்து ஆறு பேர், தங்களுக்கும் சொல்லித்தரச் சொன்னார்கள். வேங்கடேசன் சாரிடம் போய் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி மைதானத்தைத் திறந்துவிடுகிறேன் என்றார்.

7 டிசம்பர், ஞாயிறு

பதினாலு பேர் வந்தார்கள்! அஸ்வினி முன்னால். ஜாக்குலின் அக்கா நடுவில். நான் கடைசியில், முடியாதவர்கள் கூட. எனக்குப் பிடித்த இடம் அதுதான் என்று இன்றைக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே போகலாம்.

14 டிசம்பர், ஞாயிறு

நாலரைக்கு எழுந்தால் அடுப்படியில் வெளிச்சம். அம்மா தலை வாரி, சேலையை வரிந்து கட்டி, அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்க கெளம்பிட்டம்மா?" என்றேன்.

"சும்மாதான். வேடிக்க பாக்க."

மைதானத்தில் ஒரு ஓரமாகத்தான் நின்றது. நான் இரண்டாவது சுற்று வரும்போது ஓரத்தில் அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்குப் பின்னால், கடைசி ஆளுக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்துகொண்டிருந்தது.

நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.